டில்லி நிழலும் தஞ்சை வெயிலும்

சூரியக் கடிகாரம் பிறந்த மண்ணை விட்டு நகராது. அதன் சாய்சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அதற்கு அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்வு வேண்டும். டில்லிக்கு 28½ பாகைக்குச் சற்று மேல், லண்டனுக்கு 51½, தஞ்சாவூருக்கு 11-க்குச் சற்றுக் குறைவு. ஊர் மாறினால் கணக்கும் மாறிவிடும். ஆனால் அதை வரைந்த படத்துக்கு இந்தக் கட்டு இல்லை. டில்லியில் உருவாகி லண்டனில் அச்சேறிய அப்படி ஒரு படம், தஞ்சைப் பெரிய கோயிலின் படத்தோடு ஒரே தொகுப்பில் இடம்பெற்றது.

ஜெய்ப்பூரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-ஐ ஒட்டி டில்லியில் ஜந்தர் மந்தர் என்ற வானாய்வுக்கூடத்தைக் கட்டினார். அதன் நடுநாயகம் சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரம். ஏறக்குறைய 70 அடி உயரம், 10 அடி கனம் கொண்ட முக்கோணச் சுவர். அதன் இருபுறமும் சுமார் 50 அடி ஆரமுள்ள கால்வட்ட விற்கள். காலையில் சுவரின் நிழல் மேற்கு வில்லில் இறங்கும். மாலையில் கிழக்கு வில்லில் ஏறும். நிழல் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்கிறது. ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிடத்துக்கு, ஐந்து அடிக்கு மேல். காலம் போவதை நின்ற இடத்திலேயே கண்ணால் பார்க்கலாம். அவ்வளவு பெரிதாகக் கட்டியதற்குக் காரணம் அந்த நுட்பம்தான்.

1789 பிப்ரவரியில் தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் டில்லிக்கு வந்தார். உடன் வந்தவர் சகோதரர் மகன் வில்லியம், இருபது வயதை எட்டாத இளைஞர். முந்தைய ஆண்டுதான் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமின் கண்கள் பறிக்கப்பட்டிருந்தன. நகரம் நொந்து கிடந்தது, வானாய்வுக்கூடமும் சேதமுற்றிருந்தது. கேமரா அப்ஸ்குரா என்ற இருட்டுப்பெட்டியின் துணையோடு கட்டடங்களின் கோடுகளைப் பிசகாமல் பிடிப்பது இவர்கள் வழக்கம். 1910-ஐ ஒட்டிப் பெரிய அளவில் பழுதுபார்க்கப்படுவதற்கு நூற்றாண்டுக்கும் முன்பு அந்த யந்திரம் எப்படி இருந்தது என்பதற்கு இவர்கள் படங்கள் கண்கண்ட சாட்சி.

1792-இல் இருவரும் கல்கத்தாவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். தங்கள் ஓவியங்களைக் குலுக்குச் சீட்டில் விற்றுத் திரட்டிய பணம் இந்தப் பயணத்துக்கு உதவியது. தெற்கே மதுரை, கன்னியாகுமரி வரை சென்று தஞ்சாவூருக்கு வந்தபோது அங்கே மராட்டிய மன்னர் அமர்சிங்கின் ஆட்சி. டில்லியில் நிழல்காட்டும் சுவரை வரைந்த கைகள் இங்கே ராஜராஜனின் விமானத்தையும் பெரிய நந்தியையும் வரைந்தன.

1794-இல் இங்கிலாந்து திரும்பியபின் படங்கள் செம்புத் தகட்டில் ஏறின. அக்வாடிண்ட் என்ற முறை அது. தகட்டின்மேல் பிசின் தூள் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிடுவார்கள். அமிலம் எவ்வளவு நேரம் தின்கிறதோ அவ்வளவு கருமை விழும். வெயிலுக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட அத்தனை சாயல்களையும் பிடிக்க ஏற்ற முறை. அச்சான தாளுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1795 முதல் 1808 வரை 144 படங்களாக 'ஓரியண்டல் சீனரி' வெளிவந்தது. முழுத் தொகுப்பின் விலை 210 பவுன். டில்லி வானாய்வுக்கூடத்துக்கு அதில் இரண்டு படங்கள். தஞ்சை விமானமும் நந்தியும் அதே தொகுப்பில் உண்டு.

இந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் தஞ்சாவூர்க்காரருக்கு ஒரு பழைய பேச்சு நினைவுக்கு வரும்: பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும். காலையிலும் மாலையிலும் திருச்சுற்றில் நீளமாகவே விழும். ஆனால் டில்லிக்கு என்றும் கிட்டாத ஒன்று தஞ்சைக்கு வாய்த்திருக்கிறது. டில்லி கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. தஞ்சையில் ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி ஒருமுறை வருகிறது. சித்திரையிலும் ஆவணியிலும் வரும் அந்த உச்சிப்பொழுதுகளில் நட்ட கழிக்கு நிழல் இல்லை. மேலே போகப் போகக் குறுகும் விமானத்தின் நிழலும் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இதைச் சொல்லிக்கொடுத்தால் கோயிலின் பெருமை ஒரு துளியும் குறையாது. 1010-இல் முடிந்த 216 அடிக் கற்றளிக்குப் பொய்ப்பெருமை தேவையில்லை.

டில்லி யந்திரத்தைச் சுற்றி இன்று உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவற்றின் நிழல் விழும் வேளைகளில் அது நேரம் காட்ட முடியாமல் நிற்கிறது. டேனியல் படத்தில் மட்டும் அதைச் சுற்றி வானம் திறந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் இன்னும் நம் வானம் திறந்தே இருக்கிறது; இங்கேயும் ஒரு சூரியக் கடிகாரம் கட்டலாம். பத்தடி நீளத்துக்குச் செங்கல் சுவர், ஒரு முனையில் தரைமட்டம், வடக்கு முனையில் ஒன்றே முக்கால் அடியைத் தாண்டி இரண்டு அங்குலம்: தஞ்சைக்கான சாய்சுவருக்கு இவ்வளவுதான் உயரம். அதே பத்தடிக்கு டில்லியில் ஐந்தரை அடி எழுப்ப வேண்டும், லண்டனில் பன்னிரண்டரை. தஞ்சைச் சுவர் நம் கைக்கடிகாரத்துக்குச் சுமார் 13½ நிமிடம் பிந்திக் காட்டும். பருவத்துக்குப் பருவம் இது சுமார் கால்மணி நேரம் வரை கூடிக் குறையும். அது பிழையல்ல. இந்திய நேரம் தஞ்சைக்குக் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகையில் கணிக்கப்படுவது. சுவர் சொல்வது தஞ்சையின் சொந்த நேரம்.

ஊருக்கொரு பள்ளிக்கூட முற்றத்தில் இப்படி ஒரு சுவரை எழுப்பச் சில மூட்டை சிமெண்டும் ஒரு கொத்தனாரும் போதும். தன் ஊரின் பாகையைத் தன் கையால் அளந்த பிள்ளைக்கு, டேனியல் படத்தில் உள்ள டில்லிச் சுவர் ஏன் தன் ஊர்ச் சுவரைவிடச் செங்குத்தாக ஏறுகிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.