பழைய கப்பலை வாங்கும் முன்...

பழைய பைக் வாங்கப் போகும்போது தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கையோடு அழைத்துச் செல்வது நம் ஊர் வழக்கம். பெயின்ட் பளபளப்பாக இருக்கலாம். ஆனால் இன்ஜின் எப்படி இருக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்! பாய்மரக் கப்பலுக்கும் இதே கதைதான். விலை பேசி முடிக்கும் முன் கப்பலைச் சோதித்துச் சொல்பவரை சர்வேயர் என்பார்கள். (நிலம் அளப்பவர் அல்ல!) இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை, உலகப் புகழ் பெற்ற ஒரு கப்பலின் வரலாற்றிலிருந்தே பார்ப்போம்.

மரக்கப்பலின் பலவீனம் எல்லாம் தண்ணீருக்கு அடியில்தான். மரத்தைத் துளைத்துத் தின்னும் கடல்புழுக்கள் உள்ளே புகுந்துவிட்டால் வெளியே பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. கப்பலுக்குக் காப்பீடு கொடுப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். இதற்காகவே 1760-ல் லண்டனில் லாயிட்ஸ் காபிக்கடை வட்டத்தைச் சேர்ந்த வணிகர்கள் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களைச் சோதித்துப் பதிவேடு வெளியிட்டார்கள். கப்பல் உடலின் நிலைக்கு ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று எழுத்துகள். ஏ என்றால் முதல் தரம். பாய், கயிறு, நங்கூரம் போன்றவற்றுக்குத் தனித் தரம். பின்னாளில் அதற்கு எண் வந்தது. நாம் இன்றும் "ஏ ஒன்" என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்!

அதே காலத்தில், 1764-ல், இங்கிலாந்தின் விட்பி நகரில் நிலக்கரி ஏற்றுவதற்காக ஒரு கப்பல் கட்டப்பட்டது. பெயர் 'எர்ல் ஆஃப் பெம்ப்ரோக்'. 1768-ல் பசிபிக் பயணத்துக்கு உறுதியான கப்பல் ஒன்றை பிரிட்டிஷ் கடற்படை தேடியபோது, தேம்ஸ் நதிக்கரையில் இருந்த டெப்ட்ஃபோர்ட் கப்பல்துறை அதிகாரிகள் இதைச் சோதித்து, ஏற்றது என்று அறிக்கை கொடுத்தார்கள். விலை 2,840 பவுண்டு, 10 ஷில்லிங், 11 பென்ஸ். புழுவுக்குத் தடுப்பாக அடியில் இன்னொரு அடுக்குப் பலகை அடித்து, 'எண்டெவர்' என்று பெயர் சூட்டினார்கள். ஆம் நண்பர்களே, கேப்டன் ஜேம்ஸ் குக் சென்ற அதே எண்டெவர்தான்!

அந்தச் சோதனை வீண்போகவில்லை. 1770 ஜூன் 11 இரவு, ஆஸ்திரேலியக் கரைக்கு அருகே பவளப்பாறையில் மோதி, சுமார் 23 மணி நேரம் சிக்கிக்கொண்டது. பீரங்கிகளைக்கூடக் கடலில் எறிந்துதான் மீட்டார்கள். ஓட்டையில் ஒரு பவளத்துண்டே அடைத்துக்கொண்டு நின்றதாம்! அந்த ஆண்டின் கடைசியில் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) பழுது பார்க்க அடிப்பகுதியை வெளியே எடுத்தபோது எல்லோரும் அதிர்ந்தார்கள். சில இடங்களில் பலகை அறுந்துபோக அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். உள்மரம் வரை புழு. இத்தனை நாள் எப்படி மிதந்தது என்று பார்த்தவர்கள் எல்லாம் வியந்ததாக குக் எழுதினார்.

இனிதான் சுவாரசியம். 1775-ல் கடற்படை எண்டெவரை வெறும் 645 பவுண்டுக்கு விற்றது. அமெரிக்கப் போர் தொடங்கி, துருப்புகளை ஏற்றிச்செல்லக் கப்பல்கள் தேவைப்பட்டன. புதிய உரிமையாளர் இதையே வாடகைக்குக் கொடுக்க முன்வந்தார். டெப்ட்ஃபோர்டில் மறுத்துவிட்டார்கள். பெயரை 'லார்டு சாண்ட்விச்' என்று மாற்றி மறுபடி கொண்டு வந்தார். அதிகாரிகள் ஏமாறவில்லை! ஏற்கெனவே மறுக்கப்பட்ட எண்டெவர்தான் இது, பயணத்துக்குத் தகுதியற்றது என்று குறித்துவிட்டார்கள். பழுது பார்த்துக் கொண்டுவந்த பிறகே ஏற்றுக்கொண்டார்கள். கடைசியில் 1778 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் நுழையாமல் தடுக்க, ரோட் தீவின் நியூபோர்ட் துறைமுகத்தில் பிரிட்டிஷாரே அதை மூழ்கடித்தார்கள்.

இன்று பெரும்பாலான பாய்மரப் படகுகள் ஃபைபர் கண்ணாடியில் ஆனவை. ஆனாலும் முறை மாறவில்லை. படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, சிறு சுத்தியலால் தட்டி ஓசை கேட்டு, ஈரம் ஏறியிருக்கிறதா என்று கருவியால் பார்க்கிறார்கள். பழைய படகு என்றால் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் சர்வே அறிக்கை கேட்கின்றன.

ஒரே கப்பல்துறைதான் 1768-ல் அந்தக் கப்பலை ஏற்றது, ஏழு ஆண்டு கழித்து மறுத்தது. இரண்டு தீர்ப்புமே சரிதான். நேற்றைய புகழை நம்பி இன்று கப்பல் வாங்கக்கூடாது. இன்றைய அடிப்பலகையைத்தான் பார்க்க வேண்டும். என்ன நண்பர்களே, சரிதானே?