லொறியும் ஆண்டுப் பத்திரமும்

முன்னர் மாட்டுவண்டியும், 1928இல் மட்டக்களப்புப் பாதை திறந்தபின் புகையிரதமும் சுமந்த ஏறாவூர் நெல்லை இன்று லொறிகளும் கொண்டுசெல்கின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி லொறிக்குப் பதிவு ஒருமுறை. வருமான அனுமதிப்பத்திரமோ ஆண்டுதோறும். அது காலாவதியானால் லொறி வீதியில் ஓடலாகாது. நெல்லும் காத்துக் கிடக்கும்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இக்கட்டணத்தை மாகாண சபைகளுக்கு உரித்தாக்கியது. ஆயினும் கிழக்கு மாகாணம் வழங்கும் பத்திரம் கொழும்பிலும் செல்லும். இந்தியாவிலோ, 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாகாணத்தின் சரக்கு லொறி அனுமதி அடுத்த மாகாணத்திலும் செல்லுபடியாக, அங்கும் மேலொப்பம் பெறவேண்டியிருந்தது.

வரிப்பணம் மாகாணத்திற்கு; வழியோ நாடு முழுவதற்கும். இவ்வேற்பாட்டினால், ஏறாவூர் நெல் எந்த எல்லையிலும் மறுபத்திரத்துக்காகத் தரித்து நிற்பதில்லை.