அமிக்டலாவிலிருந்து இணைப்புகளுக்கு: அச்சம் பற்றிய மூளை ஆய்வில் சென்னையும் பெங்களூரும்

1956 நவம்பர் 23 அதிகாலையில், அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகியது நம் அரசியல் வரலாற்றில் அழியாமல் நிற்கிறது. பெட்டிகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களைப் பற்றி யாரும் அந்த அளவுக்குப் பேசியதில்லை. அவர்களில் சிலராவது பின்னர் ரயில் சத்தம் கேட்டு நடுங்கியிருப்பார்கள். மழை இரவுகளில் தூங்காமல் கிடந்திருப்பார்கள். அரியலூர் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்தது. அரசு மனநல மருத்துவமனை வேண்டுமென்றால் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், திருநீறு போடுவார்கள். விபத்துக்குப் பிந்தைய இந்த நிலைக்கு இன்று வழங்கும் நோய்ப்பெயர் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் ஏறியது.

அதே 1956இல், லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குரங்குகளின் மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதியை மட்டும் நீக்கிப் பார்த்து, அவை அச்சம் குறைந்து நடந்துகொள்வதை வெளியிட்டார். பொட்டுப் பகுதி மூளையை முழுவதும் இழந்த குரங்குகள் பாம்பைக்கூட அஞ்சாமல் கையில் எடுப்பதை 1930களின் இறுதியில் க்ளூவரும் பூசியும் கண்டிருந்தார்கள். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு எந்தப் பகுதியால் வந்தது என்பதை வைஸ்கிரான்ட்ஸ் சுட்டிக்காட்டினார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு, அச்சமும் சினமும் மூளையின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் குடியிருக்கின்றன என்ற எண்ணமே மேலோங்கி நின்றது. அந்த எண்ணத்தை மனித மூளையில் பெரிய அளவில் செயல்படுத்திப் பார்த்த நகரங்களில் சென்னையும் ஒன்று. உணர்ச்சி பற்றிய மூளை ஆய்வு ஓர் ‘இட’த்தைத் தேடுவதிலிருந்து இணைப்புகளைத் தேடுவதற்கு எப்படி நகர்ந்தது, அதில் நம் பங்கு என்ன என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது. தமிழில் இந்த வரலாறு போதிய அளவு எழுதப்படவில்லை.

சென்னை அறுவைக்கூடம்

சீர்காழியில் 1922இல் பிறந்த பி. ராமமூர்த்தி, 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதற்கு ஓராண்டு முன்புதான் வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையை நிறுவியிருந்தார். ராமமூர்த்தியைச் சுற்றி வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் கொண்ட ஒரு வலுவான குழு உருவாயிற்று. கனகா ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர்களில் ஒருவர். தலையில் ஒரு சட்டகத்தைப் பொருத்தி, அளவு கணக்கிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியை மெல்லிய ஊசியால் எட்டும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் இக்குழு தேர்ந்தது. பார்க்கின்சன் நோய்க்குக் கைவந்த அந்த முறை, பின்னர் நடத்தைக் கோளாறுகளின் பக்கம் திரும்பியது.

வழிகாட்டி ஜப்பான். டோக்கியோவில் நாராபயாஷி, எண்ணெயும் மெழுகும் கலந்த சிறு அளவு கலவையை அமிக்டலாவில் செலுத்தி அதைச் செயலிழக்கச் செய்த 60 நோயாளிகளின் விவரத்தை 1963இல் வெளியிட்டார். அங்கேயே கெய்ஜி சானோ ஹைப்போதலாமஸின் பின்பகுதியைச் சிதைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இவ்விரண்டையும் சென்னைக் குழு கையாண்டு, ‘அமைதிப்படுத்தும் அறுவை’ என்ற தலைப்பில் தொடர்ந்து கட்டுரைகள் எழுதியது. 1988இல் ராமமூர்த்தி வெளியிட்ட தொகுப்பில் இருபுற அமிக்டலா அறுவை மட்டும் 481 பேருக்கு நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய தொகுப்பு உலகிலேயே அரிது.

இந்த அறுவைகள் பதற்ற நோய்க்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிறரையும் தன்னையும் தாக்கும் கட்டுக்கடங்காத மூர்க்கம், வலிப்போடு சேர்ந்த வெறி, மருந்துக்கு அடங்காத துறுதுறுப்பு ஆகியவைதாம் காரணங்கள். நோயாளிகளில் குழந்தைகளும் இருந்தார்கள். ஆனால் அடிப்படைக் கருத்து ஒன்றே: உணர்ச்சி கொந்தளிக்கும் இடத்தைச் சிதைத்துவிட்டால் கொந்தளிப்பு ஓயும்.

அம்மருத்துவர்களைக் கொடியவர்களாகக் காட்டுவது அநீதி. வீட்டில் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கப்பட்ட பிள்ளையோடு வந்து நின்ற பெற்றோருக்கு அன்றைய மருத்துவம் தரக்கூடியது மிகக் குறைவு. அதே வேளையில், தன் மூளையில் என்ன நடக்கப்போகிறது என்பதைப் புரிந்து ஒப்புதல் தரும் நிலையில் அந்த நோயாளிகளில் பலர் இல்லை. அமைதியாகிவிட்டார் என்பது வீட்டாரின், மருத்துவரின் கணிப்பு. அவர் எதை இழந்தார் என்பதை அளக்க அன்று கருவியும் இல்லை, அதற்கான அக்கறையும் போதவில்லை. 1970களில் அமெரிக்காவில் மன அறுவைக்கு எதிராகக் கடும் விவாதம் எழுந்தது, மருந்துகளும் பெருகின, இந்த அறுவைகள் படிப்படியாக அருகின. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 96ஆம் பிரிவில், நோயாளியே விவரமறிந்து ஒப்புதல் தந்து மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதித்தால் ஒழிய மன அறுவை கூடாது என்கிறது.

இடத்திலிருந்து இணைப்புக்கு

கருத்து மாற்றம் மூன்று வழிகளில் வந்தது. முதல் வழி எலிகளில் திறந்தது. 1980களில் நியூயார்க்கில் ஜோசஃப் லெடூ, ஓர் ஒலியோடு சிறு மின் அதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்து, அந்த ஒலிக்கே எலி உறைந்து நிற்கும்படி பழக்கினார். பிறகு செய்தி போகும் தடத்தைப் பின்தொடர்ந்தார். ஒலியை உணரும் மூளைப் புறணியை நீக்கினாலும் எலி அஞ்சக் கற்றுக்கொண்டது. புலன் செய்திகளைக் கைமாற்றும் தலாமஸிலிருந்து அமிக்டலாவுக்கு நேர்த்தடம் ஒன்று இருந்ததே காரணம்.

இரண்டாவது வழி நோயாளிகள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹர்ஸ்டைனோடு சேர்ந்து 1997இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தலையில் அடிபட்ட பிறகு அவர் தன் பெற்றோரைப் பார்த்து, ‘அச்சு அசல் அவர்களைப் போலவே இருக்கும் வேற்றாட்கள்’ என்றார். தொலைபேசியில் குரல் கேட்டால் அவருக்குச் சந்தேகமே இல்லை. பழகிய முகத்தைப் பார்க்கும்போது எல்லோருக்கும் தோலின் மின்கடத்தல் சற்றுக் கூடும்; அவருக்குக் கூடவில்லை. முகத்தை அறியும் பகுதியும் நன்றாக இருந்தது, உணர்ச்சி எழும் பகுதியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பு அறுந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் விளக்கம். ஏரியில் நீரும் வயலில் பயிரும் இருந்தும் நடுவாய்க்கால் உடைந்தது போன்ற நிலை. பிற்பாடு, அமிக்டலாவை இருபுறமும் நோயால் இழந்து, பாம்புக்கும் பேய்வீட்டுக்கும் அஞ்சாத ஒரு பெண்மணி, கரியமில வாயு மிகுந்த காற்றைச் சுவாசித்ததும் கடும் பீதியில் துடித்ததாக 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. அமிக்டலாவே அச்சத்தின் இருப்பிடம் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை.

மூன்றாவது வழியில் ஓர் இந்தியரின் பெயர் நிற்கிறது. 1995இல் அமெரிக்காவில் பரத் பிஸ்வால், எம்.ஆர்.ஐ. கருவிக்குள் எதுவும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவரின் மூளையிலும் வலது, இடது இயக்கப் பகுதிகள் ஒத்த தாளத்தில் ஏறி இறங்குவதைக் காட்டினார். வெறும் இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட அந்த மெதுவான அலைகள், உயிருள்ள மனிதரின் மூளைத் தொடர்புகளைக் கத்தியின்றிப் படிக்க வழிசெய்தன. 2009இல் அமித் எட்கின், வினோத் மேனன் முதலியோர், ஓயாப் பதற்ற நோய் உள்ளவர்களின் அமிக்டலாவின் உட்பகுதிகள் தத்தம் தனித் தொடர்புகளை இழந்து மங்கியிருப்பதை இம்முறையால் கண்டார்கள். 2014இல் மேனனின் ஸ்டான்ஃபோர்டு குழு, 7 முதல் 9 வயதுக் குழந்தைகள் 76 பேரை ஆராய்ந்தது. பதற்றம் கூடுதலான பிள்ளைகளுக்கு அமிக்டலாவும் பெரிதாக இருந்தது, பிற பகுதிகளோடு அதன் தொடர்பும் வலுவாக இருந்தது. அவர்கள் நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் அல்லர்.

பெங்களூரின் விடை

அதிர்ச்சி முடிந்த பிறகும் அச்சம் ஏன் தங்குகிறது? மருதையாற்றில் தப்பியவர்களின் கேள்வியும் இதுதான். இதற்கு மிகத் தெளிவான விடைகளில் சில பெங்களூரிலிருந்து வந்தன. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் சுமந்திர சட்டர்ஜியும், அஜய் வியாஸ், ரூப்ஷி மித்ரா, நிம்ஹான்ஸின் பி.எஸ். சங்கரநாராயண ராவ் ஆகியோரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், எலிகள் நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைக்கப்பட்டன. நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸில் நியூரான்களின் கிளைகள் சுருங்கின. அமிக்டலாவில் அதே அழுத்தத்தால் கிளைகள் வளர்ந்தன. 2004இல் அடுத்த செய்தி: 21 நாட்கள் ஓய்வு கொடுத்தும் அமிக்டலாவின் வளர்ச்சியும் எலியின் பதற்றமும் குறையவில்லை. 2005இல் இன்னும் வியப்பான ஒன்று. ஒரே ஒருமுறை, 2 மணி நேரம் மட்டும் அழுத்தம் தந்தால் மறுநாள் மாற்றமே தெரியாது. 10 நாள் கழித்து அமிக்டலாவின் நியூரான்களில் புதிய இணைப்பு முட்கள் முளைத்திருக்கும், எலியும் பதற்றமாக இருக்கும். சுனாமி நம் கடற்கரையை அழித்துச் சில மாதங்களில் வந்த ஆய்வு இது. அன்று அழாமல் நின்றவர் பின்னர் உடைந்துபோனதை நாகப்பட்டினத்தில் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு நெஞ்சில் தைக்கும்.

2013இல் சுப்ரியா கோஷ், டி. ராவ் லக்ஷ்மி, சட்டர்ஜி ஆகியோர் எலிகளின் மூளையில் மின்முனைகளைப் பொருத்தி, அழுத்தத்துக்குப் பின் ஹிப்போகாம்பஸ் மீது அமிக்டலா செலுத்தும் தாக்கம் வலுப்பதை அளந்தார்கள். நினைவின் மீது அச்சம் பிடியை இறுக்குகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். எனினும் எச்சரிக்கை தேவை. எலி உறைந்து நிற்பதும் மனிதர் ‘பயமாக இருக்கிறது’ என்று உணர்வதும் ஒன்றல்ல என்று 2016இல் லெடூவே டேனியல் பைனோடு சேர்ந்து எழுதினார். அழுத்தத்தைத் தற்காப்புச் சுற்றுகள் எப்படி ஏற்கின்றன என்பதை எலி சொல்லும். அச்சத்தின் அனுபவத்தை மனிதரிடம்தான் கேட்டறிய வேண்டும்.

மனித ஆய்வுகளுக்கும் வரம்பு உண்டு. மூளை இணைப்புக்கும் நடத்தைக்கும் உள்ள உறவை நம்பத்தக்க விதத்தில் கண்டறிய ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்பதை 2022இல் நேச்சர் இதழில் வந்த பெரிய ஆய்வு நிறுவியது. 50, 60 பேரை வைத்துச் செய்த பல முடிவுகள் மறுபடி செய்தால் நிற்காது. ஆகவே ஒரு ஸ்கேன் படத்தைக் காட்டி ‘உங்களுக்குப் பதற்ற நோய்’ என்று இன்று யாரேனும் சொன்னால் அதை நம்ப வேண்டாம். மருத்துவர் உட்கார்ந்து கேட்டுப் பேசி அறிவதுதான் இன்னும் நோயறியும் வழி.

மீண்டும் சென்னைக்கு வருவோம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில், கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுப்படலங்களைக் கொண்ட வரைபடத் தொகுப்பை உலகுக்கு இலவசமாகத் தந்தது. இவ்வளவு ஆற்றல் உள்ள ஒரு நகரம் தன் பழைய கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். அமிக்டலா அறுவைக்கு உட்பட்ட அந்த 481 பேரின் நோய்ப்பதிவுகள் எங்கே, எந்த நிலையில் இருந்தாலும் திரட்டி, பெயர் மறைத்துப் பாதுகாக்க வேண்டும். அவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களை, அவர்கள் விரும்பினால் மட்டும், பரிவோடு சந்தித்துக் கேட்க வேண்டும். சென்னையின் நரம்பியல், மனநலத் துறை மாணவர்கள் இப்பணியை ஆய்வுத் தலைப்பாக ஏற்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.