பட்டம் யாருடையது? - ஸ்னூக்கர் வரலாற்றில் ஒரு பாடபேதம்

உதகமண்டலம் என்றதும் நம் நினைவில் எழுவன தேயிலைச் சரிவுகளும் மலை இரயிலும்தாம். உலக விளையாட்டு வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓரிடம் உண்டென்பதை நம் மாணாக்கருள் பலர் அறியார். 1875-ஆம் ஆண்டில், ஜபல்பூரில் மழைக்காலப் பொழுதைப் பில்லியர்ட்ஸ் ஆடிக் கழித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படையதிகாரிகளுள் நெவில் சேம்பர்லின் என்பார் ஒருவர் (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு). மேசைமீது வண்ணப் பந்துகள் சிலவற்றைக் கூட்டி ஆடினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஆப்கன் போரில் காயமுற்ற பின் அவர் சென்னைப் படைத்தலைவர் பிரடெரிக் ராபர்ட்சின் கீழ்ப் பணியேற்று, கோடைதோறும் உதகைக்கு வரலானார். அங்குள்ள ஊட்டி கிளப்பில்தான், 1880-களில், ஆட்டத்தின் விதிகள் எழுத்துருப் பெற்றுப் பில்லியர்ட்ஸ் அறையில் தொங்கின. 'ஸ்னூக்கர்' என்பது வூலிச் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவரைக் கேலியாகச் சுட்டிய சொல்லாம். எளிய பந்தைத் தவறவிட்ட நண்பரைத் தாம் அப்படி விளித்ததே ஆட்டத்தின் பெயராயிற்று என்பது சேம்பர்லின் தம் முதுமையில், 1938-இல், கூறிய விளக்கம்.

இங்கு நாம் பேசப் புகுந்தது அவ்வாட்டத்தின் தொழில்முறை உலகச் சாம்பியன் போட்டியைப் பற்றி. உலகம் என்ற பெயர் பெரிது. தொடக்கமோ மிகச் சிறிது. ஜோ டேவிஸ் என்ற இங்கிலாந்து வீரரும், பர்மிங்காமில் பில்லியர்ட்ஸ் கூடங்கள் நடத்திய பில் காம்கினும் முயன்று 1926-27-இல் இதனைத் தொடங்கினர். பத்துப் பேர் கலந்துகொண்டனர். இறுதியாட்டம் காம்கினின் கூடத்திலேயே 1927 மே மாதம் நடைபெற்றது. டேவிஸ், டாம் டென்னிசை 20-11 என்று வென்றார். அவருக்குக் கிட்டிய பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். ஆட்டக்காரர்களுக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தே ஆளும் சங்கம் வெள்ளிக் கோப்பையை வாங்கியது. வென்றவர் தம் பணத்தில் வாங்கிய கோப்பையைத் தாமே பெற்றார் எனலாம். இச்செய்தியை வாசகர்கள் மறவாதிருத்தல் வேண்டும்; பின்னர் இது பயன்படும்.

1931-இல் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் இருவரே: டேவிசும் டென்னிசும். ஆகவே முதலாட்டமே இறுதியாட்டமுமாயிற்று. 1940 வரை ஆண்டுதோறும் டேவிசே வென்றார். போரினால் ஐந்தாண்டு இடைவெளி. 1946-இல் இலண்டனில் 145 பிரேம்கள் கொண்ட நெடிய இறுதியாட்டத்தில், ஆஸ்திரேலியரான ஹோரஸ் லிண்டிரமை 78-67 என்று வென்று பதினைந்தாம் முறையாகப் பட்டம் சூடினார். அத்துடன், ஒருமுறையும் தோலாதவராக இப்போட்டியிலிருந்து விலகினார். ஆட்டத்தை விடவில்லை, போட்டியை மட்டுமே விட்டார். அவரிருக்க மற்றொருவரை உலகச் சாம்பியன் என்று மக்கள் எவ்வாறு நம்புவர்? போட்டியின் மதிப்பு குன்றத் தொடங்கியது இங்கேதான் என்பது நம் கருத்து.

1952-இல் பிளவு நேர்ந்தது. போட்டி வருவாயில் தங்களுக்குரிய பங்கு போதாதென்று ஆட்டக்காரர்கள் குறைகூறினர். பட்டம் என்பது பெருமைக்குரியது, பணத்துக்குரியதன்று என்பது சங்கத்தின் நிலை. 1927-இல் கோப்பை வாங்கிய பணம் யாருடையது என்பதை எண்ணினால், ஆட்டக்காரர் பக்க நியாயம் விளங்கும். அவர்கள் விலகித் தனியே ஒரு போட்டியைக் கண்டனர். சங்கத்தின் போட்டிக்கோ லிண்டிரமும் நியூசிலாந்தின் கிளார்க் மெக்கானக்கியும் மட்டுமே வந்தனர். மான்செஸ்டரில் 94-49 என்று லிண்டிரம் வென்றார்.

இனி, அவ்வாண்டின் உலகச் சாம்பியன் யார்? மூலப்பிரதிகள் இரண்டு கிடைத்து, இரண்டும் ஒன்றையொன்று மறுத்தால் பதிப்பாசிரியர் படும் இடர்ப்பாடு நம் துறையினர்க்குப் புதிதன்று. பட்டியல்கள் லிண்டிரமின் பெயரைத் தாங்குகின்றன. ஆயினும் ஆட்டத்தை அறிந்தோர் பலர் அதனை ஓர் இடைச்செருகல் போலவே கருதுகின்றனர். விலகியோர் 1957 வரை நடத்திய போட்டியோ உலகப் போட்டியின் தொடர்ச்சியாகவே கொள்ளப்படுகிறது. லிண்டிரம் மூன்று முறை டேவிசிடம் இறுதியாட்டத்தில் தோற்றவர். சங்கம் நடத்திய போட்டியில், விதிப்படி ஆடி வென்ற ஒருவரின் வெற்றியை, வராதவர்களின் பெயரால் குறைத்தல் முறையோ? நமக்கு அது உடன்பாடில்லை. எதிரே நின்றவரைத்தானே அவர் வெல்ல முடியும்?

விலகியோரின் போட்டியும் நெடுநாள் நிற்கவில்லை. 1957-இல் நால்வரே கலந்துகொண்டனர். ஜான் புல்மன் வென்றார். அதன்பின் 1963 வரை போட்டியே இல்லை. காண வருவோர் இலர்; பணம் தருவோர் இலர். 1964-இல் ரெக்ஸ் வில்லியம்சின் முயற்சியால், சாம்பியனை ஒருவர் அறைகூவி ஆடும் முறையில் உயிர் திரும்பியது. புல்மன் 1968 வரை பட்டத்தைக் காத்தார். 1969-இல் பழையபடி பலர் ஆடும் தொடராயிற்று. அதே ஆண்டில் பி.பி.சி. 'பாட் பிளாக்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சிக்குக் காட்ட ஏதேனும் வண்ணமயமான பொருள் வேண்டியிருந்தது. பச்சைத் துணிமேல் உருளும் பந்துகளைவிட மலிவானது வேறெது? உதகையில் விதி பெற்ற அந்த வண்ணப் பந்துகளே எண்பதாண்டுகளுக்குப் பின் ஆட்டத்தைக் காத்தன.

1977-இல் போட்டி ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் நாடக அரங்கை அடைந்தது. நாடகம் காணச் சென்ற மனைவி வந்து சொன்னதைக் கேட்டே, போட்டி அமைப்பாளர் மைக் வாட்டர்சன் அவ்வரங்கைத் தேர்ந்தார். ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகள்; ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் நெருக்கம். 1985-இல் அங்கு ஸ்டீவ் டேவிஸ் 8-0 என்று முந்தியிருக்க, டெனிஸ் டெய்லர் படிப்படியாக எழுந்து, முப்பத்தைந்தாம் பிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தால் 18-17 என்று வென்றார். அந்த ஒரு பந்து விழும்வரை அவர் ஒருகணமும் முன்னிலையில் இருந்தாரில்லை. நள்ளிரவைக் கடந்தும் பிரிட்டனில் ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் பேர் கண்விழித்திருந்தனர். 1931-இன் இரு வீரர்களை இவ்விடத்து நினைத்துக்கொள்வோம்.

ஸ்டீபன் ஹெண்டிரியும் ரோனி ஓசல்லிவனும் ஏழேழு முறை வென்ற கதைகள் பலரும் எழுதியவை, அவற்றை விடுப்போம். 2025-இல் சீனத்தின் ஜாவ் சின்டாங் இறுதியாட்டத்தில் ஐம்பது வயதான மார்க் வில்லியம்சை 18-12 என்று வென்று, ஆசியாவின் முதல் சாம்பியனானார். சூதாட்ட விவகாரத்தில் விதிக்கப்பட்ட தடைக்காலம் முடிந்து திரும்பியிருந்த அவர், நான்கு தகுதிச்சுற்றுகளைக் கடந்து குரூசிபிளுக்குள் நுழைந்தார். ஆசியாவில் பிறந்த ஆட்டத்தின் பட்டம் ஆசியாவுக்கு வர நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. வேடிக்கை என்னவெனில், தொழில்முறை வீரர்க்கான அப்பட்டத்தை வென்ற நாளில் அவர் தொழில்முறை வீரரே அல்லர்; விதிப்படி அமெச்சூர். இம்முறை எவரும் அவ்வெற்றியை இடைச்செருகல் என்று தள்ளவில்லை.