நூற்றிருபது கலம் நெல்லும் மாணவர் மேடையும்

தமிழ் நாடக வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் தவறாமல் எடுத்துக்காட்டும் கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. 11ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது அது. வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியன் என்பவனுக்கும் அவன் வழியினருக்கும் நாளொன்றுக்கு ஒரு தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்க வேண்டும் என்பது அதன் செய்தி. நடிகனின் பெயர் இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கிறது, ஆடிய மாதமும் பெற்ற ஊதியமும் இருக்கின்றன. நாடகம் மட்டும் இல்லை. அதன் ஒரு வரியும் நமக்கு எஞ்சவில்லை. கதை இராசராசனைப் பற்றியதா, இறைவனைப் பற்றியதா, கோயில் எழுந்த வரலாற்றைப் பற்றியதா என்று அறிஞர்கள் இன்றளவும் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை காப்பாற்றிய அளவுக்குக் கலையைக் கலைஞர்களால் காப்பாற்ற முடியவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும். ஆனால் இது வேடிக்கை இல்லை.

அந்தக் கணக்கையும் நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. இராசராசன் அமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்கள் எந்தெந்த ஊர்த் தளிகளிலிருந்து வந்தவர்கள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் அதே கோயிலில் எழுதப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல். நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. அளந்த மரக்காலுக்கே ‘ஆடவல்லான்’ என்று பெயர். காவிரிச் சமவெளியில் ஆட்டமும் பாட்டும் நெல்லிலிருந்து எழுந்தவை என்று நாம் சொல்லும்போது அது உவமை அன்று, நேரான பொருளியல் உண்மை.

நெல் கலையின் காலத்தையும் தீர்மானித்தது. சம்பா அறுவடை தையில் முடிய, களம் காலியாகிறது. மாசி தொடங்கி, சூன் மாதம் மேட்டூரில் தண்ணீர் திறக்கும் வரையில் இந்த மண்ணுக்கு ஓய்வு. 1934இல் அணை வருவதற்கு முன்பும் ஆடிப்பெருக்கை எதிர்நோக்கிய அந்த இடைவெளி இருந்தது. கூத்தும் நாடகமும் அந்த இடைவெளியில்தான் நடந்தன. இராசராசேசுவர நாடகம் வைகாசியில் ஆடப்பட்டது. நரசிம்ம செயந்தியையொட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடப்பதும் அதே பருவத்தில்தான். நம் கல்லூரிகளின் கல்வியாண்டு முடிந்து, நாடகம் பயிலும் மாணவர்கள் தம் பயிற்சி நாடகங்களை மேடையேற்றுவதும் ஏறத்தாழ அந்தக் கோடையின் தொடக்கத்தில்தான். யாரும் திட்டமிட்டு அமைத்த ஒற்றுமை அன்று. ஆயினும் வயலின் நாட்காட்டியும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் இந்த ஓரிடத்தில் பொருந்திப்போகின்றன.

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். நாயக்கர் அவையில் தெலுங்கு யட்சகானங்கள் செழித்தன. மராத்திய மன்னருள் சகசி (1684–1712) தாமே நாடகங்கள் இயற்றியவர். இரண்டாம் சரபோசியின் காலத்தில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிலும் சில காலம் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சை கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி ஊர் ஊராகச் சென்றது. இவற்றுள் எது எந்த மொழியினது, எது ‘தமிழ்’ நாடகம் என்ற பழைய வழக்குக்குள் நாம் போகப்போவதில்லை. தஞ்சைப் பார்வையாளன் நான்கு மொழிகளில் நாடகம் கேட்டவன் என்பது மட்டும் இங்குப் போதும்.

1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. முதல் துணைவேந்தர் வ.அய். சுப்பிரமணியம். ஆய்வையே முதன்மை நோக்கமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் கலைப்புலத்தில் சிற்பம், இசை ஆகியவற்றுடன் நாடகத்துக்கும் ஒரு துறை அமைந்தது. இது சிறிய செய்தி அன்று. அதுவரை நம் கல்லூரிகளில் நாடகம் என்பது ‘இயல், இசை, நாடகம்’ என்ற தொடரின் கடைசிச் சொல். தமிழ் முதுகலை பயின்ற நம் போன்றோர் அரங்கேற்றுகாதையை வரிவரியாகப் படித்து, மேடை எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று மனப்பாடம் செய்து, ஒருமுக எழினிக்கும் பொருமுக எழினிக்கும் கரந்துவரல் எழினிக்கும் வேறுபாடு எழுதி மதிப்பெண் பெற்றோம். அந்த மேடையில் ஏறி நின்றால் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று யாரும் எங்களைக் கேட்டதில்லை.

பல்கலைக்கழகம் நாடகத்துக்கு என்ன செய்ய முடியும் என்பதற்கு ஈழத்தில் முன்னரே ஒரு விடை கிடைத்திருந்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு புதிய மேடைக்கு ஏற்றபடி செப்பனிட்டு, 1962இல் ‘கர்ணன் போர்’, தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை அரங்கேற்றினார். சிங்கள நாடகத்தில் சரத்சந்திரவின் ‘மனமே’ (1956) ஏற்படுத்திய அலை அவருக்குத் தூண்டுதலாயிற்று. இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே நாடகப் பேராசிரியரானார். விடிய விடிய நடந்த கூத்தை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடக்கியது சரியா என்ற வாதம் அன்றே எழுந்தது; இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒன்று உறுதி: அந்த மேடையேற்றங்கள் எழுதப்பட்டன, விவாதிக்கப்பட்டன, நினைவில் இருத்தப்பட்டன.

தஞ்சையில் அத்தகைய பணியைத் தொடங்கியவர் பேராசிரியர் சே. இராமானுஜம் (1935–2016). தில்லி தேசிய நாடகப் பள்ளியில் அல்காசியிடம் பயின்றவர். ஜி. சங்கரப்பிள்ளையுடன் இணைந்து பணியாற்றியவர். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், அதே ஆண்டில் திருச்சூரில் தொடங்கிய நாடகப் பள்ளியும் அவர் பெயரோடு சேர்ந்தவை. அந்த அனுபவத்துடன் அவர் 1980களில் தஞ்சைக்கு வந்தார்.

அவருடைய ‘வெறியாட்டம்’ பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். யூரிபிடீசின் ‘டிராய் நாட்டுப் பெண்கள்’ கி.மு. 415இல் ஏதென்சில் அரங்கேறியது. நகரம் வீழ்ந்துவிட்டது, ஆண்கள் மாண்டுவிட்டனர், எஞ்சிய பெண்கள் அடிமைகளாகப் பங்கிடப்படக் காத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி என்று சொல்ல அதில் அதிகம் இல்லை, முழுவதும் புலம்பல். இதைத் தமிழாக்க வேண்டுமானால் நல்ல உரைநடை போதும் என்று மற்றொருவர் எண்ணியிருப்பார். இராமானுஜம் தமிழ்ப் பெண்களின் ஒப்பாரியை நாடினார். கிரேக்கக் குழுப்பாடலுக்கு ஈடாக நம்மிடம் இருப்பது இழவு வீட்டில் வட்டமாக அமர்ந்து மாரடிக்கும் பெண்கள்தாம் என்று அவர் கண்டது, எங்கள் மதிப்பீட்டில், ஒப்பிலக்கிய வகுப்புகள் பல சேர்ந்தும் எட்டாத கண்டுபிடிப்பு. தலைப்பையும் கவனிக்க வேண்டும். சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்பது தலைவியின் காதல் நோயைத் தெய்வக் குற்றமென மயங்கிய தாய் வேலனை அழைத்து நிகழ்த்தும் சடங்கு. காரணம் அறியாத சடங்கின் பெயரைப் போரின் வெறிக்குச் சூட்டியதில் கூர்மை உண்டு.

துறையில் பணியாற்றிய மற்றொருவர் மு. இராமசாமி. மதுரையில் நிஜ நாடக இயக்கத்தை நடத்தியவர், தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர், சோபாக்ளீசின் ‘ஆன்டிகனி’யைத் ‘துர்க்கிர அவலம்’ என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். திரைப்பட ரசிகர்கள் 2019இல் வெளிவந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’யின் முதியவராகத்தான் அவரை அறிவார்கள் என்பது நம் காலத்தின் விந்தை. ஆய்வேடும் மேடையும் ஒரே மனிதரிடம் இயங்கலாம் என்பதை மாணவர்கள் இவ்விருவரிடமும் கண்டார்கள். பாடத்திட்டத்தில் எழுதி வைக்க இயலாத பாடம் அது.

ஆசிரியர்களின் நாடகங்கள் ஓரளவு பதிவாகியுள்ளன. பிரதிகள் அச்சேறின, விருதுகளும் வந்தன. எங்கள் கவலை மாணவர்களைப் பற்றியது. நாடகத்துறை மாணவன் ஒரு பருவம் முழுவதும் பிரதியைத் தேர்ந்து, வெட்டி, நடிகர்களைத் தேடி, உடைக்குக் கடன் வாங்கி, ஒன்றரை மணி நேர நாடகத்தை ஓரிரு மாலைகள் நடத்துகிறான். பார்வையாளர் பெரும்பாலும் சக மாணவர்கள், ஆசிரியர்கள், நகரத்திலிருந்து வண்டி பிடித்து வரும் இலக்கிய நண்பர்கள் சிலர். பல்கலைக்கழகம் நகருக்கு வெளியே விரிந்து கிடக்கும் நிலப்பரப்பில் இருப்பதால் தற்செயலாக நுழையும் பார்வையாளன் இல்லை. கூத்து மேடைக்கு அத்தகையவன்தான் உயிர். நாடகம் முடிந்ததும் மதிப்பெண் பதிவேட்டில் ஏறுகிறது. செலவுச் சீட்டு கோப்பில் சேர்கிறது. இயக்குநர் படி, அதாவது எந்த வசனத்தில் யார் எங்கே நின்றார், விளக்கு எப்போது தணிந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்த அந்தத் தாள்கட்டு, மாணவனின் பையோடு போய்விடுகிறது. திருமுதுகுன்றனுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேர்கிறது: கணக்கு இருக்கும், நாடகம் இருக்காது.

இழப்பு மாணவனுடையது மட்டும் அன்று. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’யை எடுத்துக்கொள்வோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் நாற்பது வேலி நிலத்தை உழுது பயிரிட்ட பிறகே தில்லைக்குப் போகலாம் என்று பணிக்கப்பட்டவர். இந்திரா பார்த்தசாரதியின் நந்தன் சூழ்ச்சியால் தீயில் இறக்கப்படுகிறான். 1968 திசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட மண்ணில் அந்தத் தீயை மேடையில் எப்படிக் காட்டுவது? செந்நிற விளக்கா, வெறும் ஒலியா, இருளா? சென்னையிலோ தில்லியிலோ இது மேடை உத்தி பற்றிய கேள்வி. நாகை, திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவனுக்கு இது தன் ஊரைப் பற்றிய கேள்வி. அவன் ஒரு விடையைக் கண்டு மேடையில் வைத்திருந்தால் அடுத்து வருபவன் அதிலிருந்து தொடங்க வேண்டும். இன்றைய ஏற்பாட்டில் ஒவ்வொருவனும் முதலிலிருந்து தொடங்குகிறான்.

காணொளி எடுத்து வைக்கிறார்களே என்று நண்பர்கள் கேட்கலாம். கைப்பேசிக் காணொளி நாடகம் நடந்ததற்குச் சான்று. அது உருவான வழியைச் சொல்லாது. ஒத்திகையில் கைவிட்டவை அதில் இரா.

மெலட்டூர் வெங்கடராம சாத்திரியின் தெலுங்கு நாடகங்கள் இரு நூற்றாண்டு கடந்தும் ஆடப்படுவதற்குக் காரணம், ஊர்க் குடும்பங்கள் ஏடுகளையும் படிகளையும் காத்ததோடு யார் எந்த வேடம், எந்த இடத்தில் எந்தப் பண் என்பதையும் தலைமுறை தோறும் கைமாற்றி வந்ததுதான். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் பரம்பரை இல்லை. அதற்கு மாற்றாக நூலகம் இருக்கிறது. ஆய்வேட்டின் படியை ஒப்படைத்தால்தான் பட்டம் என்ற விதி நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளது. அதே விதியில் இயக்குநர் படியையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அடுத்த கோடை நாடகங்களுக்கான ஒத்திகை தொடங்குமுன் பாடத்திட்டக் குழு கூடுமானால் அதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும்.