ஃப்ரீலான்சரா நீங்க? கிளையண்ட் டேட்டா முதல் பேமென்ட் வரை சட்டம் சொல்வது என்ன?

ஒரு ஆன்லைன் துணிக்கடை, தீபாவளி விளம்பர வேலைக்காக ஃப்ரீலான்சர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எக்செல் ஃபைல் அனுப்புகிறது. உள்ளே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் பெயர், செல்போன் எண், வீட்டு முகவரி. வேலை முடிந்தது, பணமும் வந்துவிட்டது. ஆனால் அந்த ஃபைல்? போனில் ஒரு காப்பி, லேப்டாப்பில் ஒரு காப்பி, மெயிலில் ஒரு காப்பி என்று அப்படியே கிடக்கிறது. நாளைக்கே அந்த லிஸ்ட் வெளியே கசிந்தால், "யார் கையில எல்லாம் இது இருந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

புதிய சட்டத்தில் உங்கள் இடம் என்ன?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பின்படி, நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் அமலுக்கு வரும்.

தரவை எதற்காகப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் கிளையண்ட். அவர் சார்பில் அதைக் கையாள்பவர் நீங்கள். பொதுமக்களுக்கும் வாரியத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பை இந்தச் சட்டம் கிளையண்ட் மீதுதான் வைக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க முடியும்.

"அப்போ எனக்கு பிரச்சினை இல்லையே" என்று இருந்துவிட முடியாது. முறையான ஒப்பந்தம் போட்டுத்தான் தரவை வெளியாளிடம் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். நஷ்டம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் என்ற நிபந்தனையை அந்த ஒப்பந்தத்தில் சேர்த்து, கிளையண்ட் சுமையை உங்கள் பக்கம் தள்ளலாம். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க. உங்கள் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு, உதாரணமாக அந்த வேலைக்கு வாங்கிய கட்டணம் வரை மட்டும், என்று கேட்டுப் பாருங்கள்.

இது தவிர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு ஏற்கெனவே அமலில் இருக்கிறது. ஒப்பந்த வேலையில் கைக்கு வந்த தனிநபர் தகவலை, தவறான லாபத்துக்காகவோ பிறருக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தோ ஒப்பந்தத்தை மீறி வெளியிட்டால், 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

- வேலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். போஸ்டர் டிசைனுக்கு வாடிக்கையாளர் போன் நம்பர் எதுக்கு?
- ஃபைலை வாட்ஸ்அப்பில் வாங்காமல், கிளையண்டின் டிரைவ் ஃபோல்டரிலேயே வேலை செய்யுங்கள். வேலை முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.
- கிளையண்டைக் கேட்காமல் பெயர், எண் உள்ள ஃபைலை ஏஐ டூல்களில் ஏற்ற வேண்டாம்.
- வேலையில் ஒரு பகுதியை நண்பரிடம் கொடுப்பதற்கும் அனுமதி வாங்குங்கள்.
- வேலை முடிந்ததும் எல்லா காப்பியையும் அழித்துவிட்டு, "டெலீட் பண்ணிட்டேன்" என்று மெயில் போடுங்கள்.
- லேப்டாப் தொலைந்தால் மறைக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். புதிய விதிகள் அமலானதும், தரவு கசிவு பற்றிய விவரங்களை 72 மணி நேரத்துக்குள் கிளையண்ட் வாரியத்துக்குத் தர வேண்டியிருக்கும்.

செய்த வேலை யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய கட்டுரை, கோடிங் போன்றவற்றின் முதல் உரிமையாளர் அவர்தான். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ, வீடியோவுக்கு இது பொருந்தாது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவை கிளையண்டுக்குச் சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றே கருதப்படும். "முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும்" என்று ஒரு வரி சேர்ப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

"வேலை முடிஞ்ச பிறகும் எங்க போட்டியாளருக்கு வேலை செய்யக் கூடாது" என்ற நிபந்தனை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் ரகசியம் காக்கும் கடமை தொடரும்.

பணம் இழுத்தடித்தால்?

உத்யம் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தேதி எதுவும் பேசாவிட்டால் 15 நாட்கள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். தனி ஆளாகத் தொழில் செய்பவரும் பதிவு செய்யலாம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்துவிடுவது நல்லது. வெளிநாட்டு கிளையண்டிடம் இந்த வழி எளிதில் கைகொடுக்காது. அங்கே அட்வான்ஸ்தான் பாதுகாப்பு.

அக்ரிமென்ட் இல்லையென்றால்?

மெயிலில் பேசி ஒப்புக்கொண்டதும் ஒப்பந்தமாக ஏற்கப்படும். எனவே போனில் பேசி முடித்ததும் என்ன வேலை, எத்தனை திருத்தம், எவ்வளவு பணம், எப்போது, டேட்டா எப்போது அழிக்கப்படும் என்ற ஐந்தையும் எழுதி மெயில் அனுப்புங்கள். "ஓகே" என்று பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.