ஃபாபுலோசுஸ்: ஒரு பெயரடையின் பொருளும் ஈறும்

இலத்தீனில் ‘ஃபாபுலோசுஸ்’ என்னும் பெயரடை, பேசுதலைக் குறிக்கும் ‘ஃபாரி’ என்னும் வினையடியில் பிறந்து பேச்சு, கதை, நாடகம் என விரிந்த ‘ஃபாபுலா’ என்னும் பெயரோடு, நிறைவைக் குறிக்கும் ‘ஓசுஸ்’ விகுதி சேர்ந்து அமைந்த சொல்லாகும். கதை நிறைந்திருப்பதை விகுதி சொல்கிறதே தவிர, கதை சொல்பவரா, கதைக்குப் பொருளானவரா என்பதைச் சொல்வதில்லை. எனினும் கவிஞர் கையாட்சியில் அது பின்னதன் பக்கமே சாய்கிறது. கி.மு. 326இல் அலெக்சாந்தர் போரஸோடு பொருத ஹைடாஸ்பெஸ் ஆற்றுக்கு, அதாவது இன்றைய ஜீலத்துக்கு, உரோமக் கவிஞர் ஹொராத்தியுஸ் இந்த அடையைத் தந்தபோது, ஆறு கதை சொல்லவில்லை. ஆற்றைப் பற்றி உலகம் சொல்லிற்று. நம் ‘கதைவிடுதல்’ போலப் புனைந்துரை, பொய் என்னும் நிழலும் இச்சொல்லுக்கு உண்டு.

தமிழின் ‘நல்ல’ எந்தப் பெயரின்முன் வந்தாலும் மாறாது நிற்க, இலத்தீன் பெயரடையோ தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை ஆகிய மூன்றுக்கும் இயைந்து ஈறு திரியும். கி.மு. 23 அளவில் வெளிவந்த ஹொராத்தியுஸின் பாடல்களுள், மூன்றாம் நூலின் நான்காம் பாடல் இதற்கு அரிய சான்று. வுல்தூர் மலையில் உறங்கிய குழந்தைக் கவிஞனைக் காட்டுப்புறாக்கள் தழைகளால் மூடிய நிகழ்ச்சியில், ‘என்னை’ என்னும் செயப்படுபொருளை அடுத்து ‘ஃபாபுலோசாய்’ என்னும் பெண்பால் வடிவம் வந்துவிடுகிறது. அது ஒருமையில் ஆறாம் வேற்றுமையாகவோ நான்காம் வேற்றுமையாகவோ, பன்மையில் எழுவாயாகவோ இருக்கலாம் என்பதால், மூன்றடி தள்ளி ‘பலும்பேஸ்’, அதாவது புறாக்கள், வரும்வரை கேட்பவர் காதைத் தீட்டிக் காத்திருக்க நேர்கிறது. தன்னளவில் இருபாலுக்கும் பொதுவான அப்பெயரைப் பெண்பாலாக்குவதும் முன்வந்த அடையின் ஈறே.

அந்நிகழ்ச்சி முடியும் இடத்தில் நிற்கும் சொல் ‘இன்ஃபான்ஸ்’. பேசாதது என்பதே அதன் சொற்பொருள். அதுவும் ‘ஃபாரி’யின் வழிவந்ததே. அதற்கு அடையாக வரும் ‘அனிமோசுஸ்’, நெஞ்சுரம் நிறைந்த, என்பதிலும் அதே விகுதி. பேசப்படும் புறாக்களில் தொடங்கிப் பேச வாராத மகவில் முடியும் இவ்வமைப்பைத் தற்செயல் என்று ஒதுக்குவது, சொல்லைத் தேர்ந்து வைத்த அக்கவிஞருக்கு நியாயம் செய்வதாகாது.